கொலர் அக்கா தைத்த சீன அங்கிகள்

யாரைக் கண்டாலும் அவர் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார். முகம் பிறகு. சுகம் விசாரிப்பது அதற்கும் பிறகு. சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை நீண்டு, மீன்காரரின் சட்டைக் கொலரை மடித்துச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பும். அந்த மனுசன் வெட்கத்தில் தராசைப் பார்க்காமல் இரண்டு மீனைக் கூடப் போட்டுவிடுவார். ஊர் அவருக்குக் கொலர் அக்கா என்று பெயர் வைத்துவிட்டது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று மன்னாரில் ஒருவருக்கும் விளங்காது.

கொழும்புப் பக்கத்துக் காமென்ற்ஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தப் பதினொரு வருடமும் அவர் தைத்தது கொலர் மட்டும். கை தைப்பவர்கள் ஒரு வரிசை, பொக்கற் தைப்பவர்கள் ஒரு வரிசை, இவர் கொலர் வரிசை.

"ஒரு முழுச் சட்டையை அங்க நான் தைச்சதே இல்லை ரீச்சர். ஊருக்கு வந்த பிறகுதான் சட்டைக்குக் கையும் இருக்கு எண்டு கண்டனான்" என்பார். சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு பழைய கரண்ட் மெஷினும் நல்ல சிங்களமும். அந்தச் சிங்களத்தில் ஒரு சொல்லை மட்டும் வீட்டிலும் விடவில்லை. "கலவன்ன." பிரி, கழற்று என்று அர்த்தம். காமென்ற்ஸில் பிழையாகத் தைத்த உருப்படியைத் திருப்பி எறியும்போது மேற்பார்வையாளர் சொல்லும் சொல். தாழ்வுபாட்டு வீதியில் இருந்த அவருடைய வீட்டு முன்னறையில் மேற்பார்வையாளர் யாரும் இல்லை. அதனால் தனக்குத் தானே "கலவன்ன" என்று உத்தரவு போட்டுக்கொண்டு, அரை பிளேட்டை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்.

நான் அவரிடம் முதன்முதலாகப் போனது ஒரு சாறிச் சட்டைக்காக. சொன்ன தேதிக்குச் சட்டை இருந்தது. போட்டுப் பார்த்தேன், அச்சாவாக இருந்தது. என்னை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பின்கழுத்தைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ" என்றார்.

"ஏன் அக்கா, நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு நல்லா இருக்கு. உங்களுக்குப் பின்னால இருக்கிற ஆளுக்கு? கோயிலில ஒரு மணித்தியாலம் உங்கட கழுத்தைத்தானே அந்த மனுசி பாத்துக்கொண்டிருக்கப் போகுது."

அந்தச் சட்டையை மூன்று தரம் பிரித்தார். அடுத்த நாள் கலியாணத்துக்கு நான் பழைய சட்டையோடுதான் போனேன். அவருடைய பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செத்த பிறகு எல்லாரும் நல்லவர்கள், ஊரை விட்டுப் போன பிறகு எல்லாரும் அருமையானவர்கள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. அக்கா சாகவில்லை. நானாட்டான் பக்கம் வயல் செய்கிற ஒரு கமக்காரரைக் கலியாணம் முடித்துப் போனார். எனக்கு இடமாற்றம் வந்தது. போன் நம்பர்கள் மாறிப் போயின. எனக்கு அவரிடம் உள்ள கடமை அப்படியே இருக்கிறது.

அந்த எரிச்சலை ஒருதரம் அவர் துடைத்து எறிந்தார். எங்கள் தெருவில் ஒரு சம்மாட்டியார் இறந்துபோனார். நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்று சத்தம் போட்டே தொழில் நடத்தியவர். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, அவருக்குக் கோட்டும் டையும் போட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தீர்த்தம் தெளிக்க வரிசையில் வந்த அக்கா பெட்டியருகில் நின்றுவிட்டார். பின்னால் வரிசை முட்டியது.

"தம்பி" என்று மூத்த மகனைக் கூப்பிட்டார். "அப்பா உயிரோட இருக்கேக்க மேல் பொத்தான் பூட்டினதை நீங்கள் எப்பவாவது கண்டிருக்கிறீங்களோ?"

"இல்லை அக்கா."

"பிறகேன் இப்ப பூட்டி வச்சிருக்கிறீங்கள்?"

சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். இவளுக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்ததும் கேட்டது. அக்கா டையை அவிழ்த்து மகனின் கையில் கொடுத்தார். மேல் பொத்தானைக் கழற்றி, கொலரை இரண்டு பக்கமும் விரித்துவிட்டார். காலையிலிருந்து கல்லுப் போல இருந்த சம்மாட்டியாரின் மனைவி எட்டிப் பார்த்தார். "இப்பதான் என்ர மனுசன் மாதிரிக் கிடக்கிறார்" என்று சொல்லி அழத் தொடங்கினார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் உடுத்திவிடுவதற்கு அக்காவைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. உயிரோடு இருப்பவனின் உடுப்பு எது, பிரேதத்தின் உடுப்பு எது என்பது அவருக்கு அத்துப்படி.

இனி என் கதைக்கு வருகிறேன். அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்து, பட்டம் வாங்கிய சூடு ஆறாமல் மன்னார்த் தீவிலிருந்த ஒரு பெண்கள் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்திருந்தேன். மாகாண நாடகப் போட்டிக்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். பழைய காலத்தில் மாந்தைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு சீனக் கப்பல், அதன் தலைவன் காய்ச்சலில் விழுகிறான், துறைமுகத்துச் சனங்கள் அவனைப் பார்த்துத் தேற்றி அனுப்புகிறார்கள், இதுதான் கதை. மாந்தையில் நிலத்தைக் கிண்டினால் சீனப் பீங்கான் ஓடு வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஓடுகளுக்கு உரியவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

அது சீனக் கொம்பனி ஒன்று எங்கள் பக்கம் வீதி போட்டுக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய முகாமுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு சீனக் கலண்டர் தொங்கியது. ஆதிகாலத்துச் சீன ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்கும் படம். நிலம் தொடும் அங்கி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அகலக் கை, இடுப்பில் பட்டி. பொத்தான் ஒன்றுகூட இல்லை. கழுத்திலிருந்து இரண்டு பட்டைகள் குறுக்கே வந்து, ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, அக்குளுக்குக் கீழே நாடாவால் கட்டப்பட்டிருந்தன. கடைக்காரர் கலண்டரைத் தர மறுத்தார். என்னிடம் இருந்த போனில் படம் எடுத்தால் மனிதர்கள் புகைமூட்டமாக வருவார்கள். எனவே கண்ணாடித் தாளை வைத்துப் பென்சிலால் கோடு கோடாகப் பிரதி எடுத்தேன். பக்கத்தில் இருந்த சீன எழுத்துகளையும் விடவில்லை. ஏதோ முதுமொழியாக இருக்கும், நாடக அழைப்பிதழில் போடலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மையால் எழுதும்போது தாளின் எந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை. பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிட்டன. தமிழ் எழுத்து என்றால் உடனே கண்ணில் குத்தியிருக்கும். சீன எழுத்து எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

படத்தைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. "கழுத்தில தொடங்கி இடுப்புமட்டும் கொலர்" என்றார். "இவ்வளவு நாளும் நான் தைச்சது என்னெண்டு கேக்கிறன்." ஒன்பது அங்கி தேவை. நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் பருத்தித் துணி வாங்கினோம். மாலுமிகளுக்குச் சாயம் போடாத வெள்ளைத் துணி. துணி மிச்சம் பிடிப்பதற்காக, மேலே வரும் மடிப்பை முழுதாகவும் உள்ளே மறையும் மடிப்பைப் பாதியாகவும் வெட்டினார். சோளகக் காற்று வீசுகிற மாதம் அது. முதல் அங்கியைப் போட்ட பிள்ளை மைதானத்துக்கு வந்ததும் இரண்டு கைகளும் பாய் விரித்துத் தலைக்குமேல் போய்விட்டன. அடுத்த நாள் பார்த்தால், கை ஓரத்து மடிப்புக்குள் வீச்சுவலை ஈயத்தை வரிசையாக வைத்துத் தைத்திருந்தார். அதற்குப் பிறகு எந்தக் காற்றுக்கும் கை அசையவில்லை.

ஆனால் தைக்கத் தொடங்குமுன் அவர் ஒன்று கேட்டார்.

"ரீச்சர், ஆம்பிளைச் சட்டை எண்டா இடப்பக்கம்தானே மேல வரும்? பொம்பிளைச் சட்டைக்குத்தான் வலப்பக்கம் மேல. இந்தப் படத்தில ஆம்பிளையளுக்கும் வலப்பக்கம் மேல வருதே."

"சீனாக்காரருக்கு அப்படித்தான் அக்கா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். "எனக்கு மனம் ஒப்பேல்லை. அந்தக் கலண்டரை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்."

தேத்தண்ணிக் கடை பஸ்ஸில் அரை மணித்தியாலம். போயிருக்கலாம். "நான் இதைப் படிச்சனான் அக்கா. நீங்கள் பயப்படாமல் தையுங்கோ" என்றேன். நான் படித்தது நாடகம். சீன உடுப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் துணியில் கத்தரிக்கோலை வைத்தார்.

போட்டி புதன்கிழமை வவுனியாவில். அதற்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் உடையோடு ஒத்திகை. தாய்மார் பார்க்க வந்திருந்தார்கள். அதிபர் சிஸ்டர், மைதானத்தை ரோலரால் மட்டப்படுத்தித் தந்த நன்றிக்காக வீதிக் கொம்பனிக்காரரையும் அழைத்திருந்தார். இரண்டு எஞ்சினியர்மாரும் மொழிபெயர்ப்பாளராக ஒரு சீனப் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, சிங்களம் தெரியும்.

ஒத்திகை முடிந்ததும் அவள் நேரே அக்காவிடம் போனாள். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். கப்பல் தலைவனாக நடித்த பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, அங்கியின் முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து குதிக்கால் வரை விரலால் தடவினாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முதுகுத் தையல் நேரா இருக்கவேணுமாம் ரீச்சர். போடுற ஆள் நேரான ஆள் எண்டு அதுக்கு அர்த்தமாம். எனக்குத் துணி அகலம் காணாமல்தான் நடுவில மூட்டினனான்."

பிறகு அந்தப் பெண் பிள்ளையை முன்பக்கம் திருப்பினாள். அவளுடைய கை பிள்ளையின் நெஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டது. அக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அக்காவின் சிரிப்பு போய்விட்டது. திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் தான் போட்டிருந்த ஜக்கெற்றையே பிடித்துக் காட்டினாள். இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்து, நிமிர்ந்து நின்று புன்னகைத்தாள். பிறகு வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் மேல் மடித்து, கண்களை மூடி, கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பின்னால் இருந்த தாய்மார் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அந்தக் காலத்துச் சீனாவில் வலப்பக்கம் மேலே வந்தால் அது பிரேதத்துக்கு உடுத்துகிற முறை. என் ஒன்பது பிள்ளைகளும் பிரேதங்களாக உடுத்திக்கொண்டு மேடையில் நின்றார்கள்.

அக்கா பையைத் திறந்து என் படத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள், தாளை மறுபக்கம் திருப்பி யன்னலுக்கு நேரே பிடித்தாள். பிறகு எழுத்துகளைச் சத்தமாக வாசித்தாள். அது முதுமொழி இல்லை, ஒரு சீமெந்துக் கடையின் விளம்பரம் என்று பிறகு அக்கா எனக்குச் சொன்னார். அந்த நேரம் எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பிழை எங்கே நடந்தது என்று அந்த யன்னலடியில் நின்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

மேடைப் பக்கத்திலிருந்து சிஸ்டர் வந்தார். "என்ன பிரச்சினை? ஆர் விட்ட பிழை?"

அக்கா என்னைப் பார்த்தார். அவசரப்படாமல், நான் பேசுவதற்கு இடம் விட்டுப் பார்த்தார். எனக்கு வேலை புதிது. தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் என்ன இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன், ஒரு சுண்ணாம்புக் கட்டித் துண்டு.

"தைச்சது நான்தான் சிஸ்டர்" என்றார் அக்கா.

கப்பல் தலைவனின் தாய் விறுவிறுவென்று மேடைக்கு ஏறினார். அவருடைய கணவர் இரண்டு வருடத்துக்கு முதல் பேசாலைக் கரையிலிருந்து தொழிலுக்குப் போனவர். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. மகளின் அங்கியைக் கழற்றி வாங்குப் பலகையில் போட்டார். "என்ர பிள்ளை நடிக்காது சிஸ்டர். ஒரு ஆளைக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கிறன். இதையும் உடுத்தி நான் பாக்கவேணுமோ?" என்று சொல்லி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிஸ்டர் பொல்லாதவர் இல்லை. "வவுனியாவில நடுவர்மாருக்கு இதெல்லாம் தெரியவா போகுது, விடுங்கோ" என்றார். பிறகு, "அப்ப உள்பக்கத்தை வெளியில திருப்பிப் போட்டால் சரிதானே, பக்கம் மாறிடும்" என்றார். அதுவும் உண்மைதான்.

"பக்கம் மாறும் சிஸ்டர். தையல் வெளியில தெரியும். பிரேதம் இல்லை எண்டு காட்டப் பிச்சைக்காரராக்கிறதோ?" அக்கா அங்கிகளை ஒவ்வொன்றாக மடித்தார். "எனக்கு மூண்டு நாள் இருக்கு. பிரிச்சுத் தைப்பன்."

அன்றிரவு நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பல நியாயங்களைக் கண்டுபிடித்தேன். ஞாயிறு காலை முதற்பூசைக்குப் போனபோது அவை எல்லாம் உதிர்ந்துபோயின. கொலர் அக்கா பிள்ளைகளுக்குச் சவச்சட்டை தைத்துப் போட்டாவாம் என்று எனக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். செத்த வீடுகளுக்குப் போய்ப் போய் அவளுக்குக் கை அதுக்கே பழகிவிட்டது என்றார் மற்றவர். பொய் சொல்ல நாக்கு அசைய வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பூசை முடிந்ததும் அக்காவின் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். ஒருவர் கையில் கலியாணச் சட்டைத் துணி, தைக்காமல். "குறை நினையாதேங்கோ, நல்ல காரியம் பாருங்கோ" என்று அவர் திரும்பிச் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே அக்கா ஒரு சாம்பல் அங்கியை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணிக்கு உட்பக்கம் வெளிப்பக்கம் வித்தியாசம் இல்லை. முன்பாகங்களைக் கழற்றி, திருப்பி, இடம் மாற்றிப் பூட்டினால் முழு மடிப்பு இடப்பக்கம் வந்துவிடும். கணக்கு அவருக்கு அந்த மண்டபத்திலேயே ஓடியிருக்கிறது. காலைக்குள் இரண்டைப் பிரித்தும் முடித்திருந்தார்.

"அக்கா, நீங்கள் ரெண்டு தரம் கேட்டனீங்கள்" என்றேன். அழுகை வந்தது.

"மூண்டாந்தரம் கேட்டிருக்க வேணும். சரியில்லை எண்டு தெரிஞ்சும், படிச்சவ சொல்லுறா எண்டு தைச்சன். அது என்ர பிழை." பிளேட் நிற்கவில்லை. "கண்ணைத் துடையுங்கோ, துணி நனையும்."

"போட்டி முடியட்டும். எல்லாருக்கும் நான் சொல்லுறன்."

இப்போது பிளேட்டைக் கீழே வைத்தார். "ரீச்சர், சட்டையில விட்ட பிழையை நான் பிரிப்பன். ஹோலுக்குள்ள நீங்கள் வாய் மூடிக்கொண்டு நிண்டதை நான் பிரிக்கேலாது. அதை நீங்கள்தான் செய்யவேணும். ரெண்டாம் பூசை இன்னும் அரை மணித்தியாலத்தில முடியும். சனம் வாசலுக்கு வரும்."

"நீங்களும் வாறீங்களோ?"

"எனக்கு வேலை கிடக்கு" என்று படத்தை என்னிடம் தந்தார்.

கோயில் வாசலில் கச்சான் கடலை விற்கிறவருக்குப் பக்கத்தில் நின்றேன். சனம் வந்தது. முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, எங்கே பிழை விட்டேன் என்று சொன்னேன். அக்கா இரண்டு தரம் கேட்டதைச் சொன்னேன். நான் படித்தவள் என்று சொல்லி அவருடைய வாயை அடைத்ததைச் சொன்னேன். மண்டபத்தில் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?" என்றார் ஒரு கிழவர். நாலு பேர் சிரித்தார்கள். கலியாணத் துணியைத் திருப்பி வாங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிறகும் அக்காவிடம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் தலைவனின் தாய் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு என் கையிலிருந்த படத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா நிமிரவில்லை.

"சொல்லிட்டீங்களோ?"

"ஓம்."

"அப்ப இந்தக் கைமூட்டுத் தையலைப் பிரியுங்கோ. நூலை வெட்டுங்கோ. துணியை வெட்டிப்போடாதேங்கோ."

பின்னேரம்வரை பிரித்தேன். விரல் நுனிகள் காந்தின. இடையில் அந்தச் சீனப் பெண் சொன்ன வேறொன்றை அக்கா சொன்னார். அந்தக் காலத்தில் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் முரட்டுச் சணல் உடுப்புப் போடுவார்களாம், அதற்கு ஓரம் மடித்துத் தைப்பதில்லையாம், வெட்டினபடியே நூல் தொங்குமாம். "அது சரி" என்றார் அக்கா. "அந்த நேரம் ஆருக்கு ஓரம் மடிக்க மனம் வரும்?"

நாலு மணி போல வாசலில் நிழல் விழுந்தது. கப்பல் தலைவனின் தாய், பக்கத்தில் மகள். உள்ளே வரச் சொல்லியும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"இப்ப எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டார்.

அக்கா அன்று தைத்து முடித்திருந்த முதல் அங்கியை, தலைவனுடைய நீல அங்கியை எடுத்து வந்தார். பிள்ளையை உள்ளே இழுத்து, கைகளை நுழைத்து, வலப்பக்கத்தை உள்ளே விட்டு, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து நாடாவைக் கட்டினார். தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்புப் பட்டி மிச்சம் இருந்தது. அக்கா அதைத் தாயிடம் நீட்டினார்.

"எனக்கு இது கட்டத் தெரியாது" என்றார் அவர்.

"வள்ளக் கயிறு கட்டின கைதானே. கட்டுங்கோ. உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் தாய்தான் கட்டவேணும்."

அவர் நிலைப்படியைத் தாண்டி வந்து மகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். முதல் முடிச்சு சரிவரவில்லை. அவிழ்த்தார். இரண்டாந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினார்.

"அம்மா, இறுக்கமாக் கிடக்கு" என்றாள் பிள்ளை.

"கிடக்கட்டும்" என்றார் தாய். "புதன்கிழமை வவுனியாவுக்கு நானும் வாறன். அங்கயும் நான்தான் கட்டுவன்."

அக்கா மெஷினுக்குத் திரும்பிப் போய் அடுத்த அங்கியை எடுத்தார். மிச்சம் எட்டு இருந்தது.